ஓ.டி.பி. சொல்வதற்கு முன்: மின்னணு மருத்துவப் பதிவுகளில் உங்கள் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் வழிகள்

மருத்துவமனைப் பதிவு கவுன்டரில் இப்போது பெயர், வயதுக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஓ.டி.பி. "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் அம்மா" என்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. கையில் ஸ்கேன் உறை, மனதில் என்ன சொல்லப்போகிறார்களோ என்ற பயம். சொல்லிவிடுகிறோம். அந்த எண் எதற்கான அனுமதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்பவர்கள் மிகக் குறைவு.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாடா கட்டிய கேஸ் ஷீட்டுகளை இரும்பு அலமாரியில் எண் வரிசைப்படி அடுக்கிய காலத்தையும் பார்த்தேன். அவை கணினிக்குள் போன காலத்தையும் பார்த்தேன். மின்னணுப் பதிவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய கேஸ் ஷீட் கிடைக்காததால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஆனால் இந்தியாவில் நோயாளிக்கு இன்று இருக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் 'ஒப்புதல்' என்ற ஒரே தூணின் மேல் நிற்கிறது. அந்த ஒப்புதலை அளந்து கொடுக்கத் தெரியாவிட்டால் சட்டம் இருந்தும் பயனில்லை. எப்படி அளந்து கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த ஓ.டி.பி. என்று பாருங்கள்

கவுன்டரில் வரும் ஓ.டி.பி. எல்லாம் ஒரே வகை அல்ல. மருத்துவமனை தன் மென்பொருள் வழியாக உங்கள் கைப்பேசி எண் சரிதானா என்று சோதிப்பது ஒரு வகை. அதில் பெரிய சிக்கல் இல்லை. ஆதாரிலிருந்து வருவது வேறு. அது வந்தால் உங்கள் பெயரில் ஓர் ஆபா எண், அதாவது மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசு தரும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண், உருவாகப்போகிறது, அல்லது ஏற்கெனவே உருவான எண்ணைத் தேடுகிறார்கள். ஆதாரில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, புகைப்படம் எல்லாம் அந்தக் கணக்குக்குப் போகும். இந்த மருத்துவமனையில் எடுத்த பரிசோதனையை உங்கள் ஆபா கணக்கோடு இணைக்க வருவது இன்னொரு வகை. காப்பீட்டுக்காக வருவதும் உண்டு.

ஆகவே எண்ணை வாசிக்கும் முன் குறுஞ்செய்தியை முழுவதும் படியுங்கள். யார் அனுப்பியது, எதற்கு என்று அதிலேயே பெரும்பாலும் இருக்கும். புரியாவிட்டால் "இது எதற்கான ஓ.டி.பி.?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். பல நேரம் கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கே அது தெரியாது. நாளொன்றுக்கு இத்தனை ஆபா பதிவு என்று மேலிருந்து சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் கேட்டால் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார்கள். அந்த இரண்டு நிமிடம் உங்கள் உரிமை.

ஆபா கட்டாயமா?

இல்லை. ஆபா எண்ணைத் தரும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிவானது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்துகிறது. இதற்காக 2020 டிசம்பரில் ஏற்கப்பட்ட சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கை, இந்த எண் விருப்பத்தின் பேரிலானது என்கிறது. எண் இல்லை என்பதற்காகவோ, இருந்தும் காட்டவில்லை என்பதற்காகவோ சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அது சட்டம் அல்ல, கொள்கைதான். ஆனாலும் கவுன்டரில் சொல்வதற்கு அது போதும்: "ஆபா கட்டாயம் இல்லை. உங்கள் மருத்துவமனை எண்ணிலேயே பதிவு செய்யுங்கள்." இதற்கு மேல் விளக்கம் தரத் தேவையில்லை.

உங்களுக்குத் தெரியாமலே ஓர் எண் ஏற்கெனவே இருக்கலாம். 2021 இல் கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு அப்படித்தான் சுகாதார அடையாள எண் உருவானது. தடுப்பூசிச் சான்றிதழின் மூலையில் 14 இலக்க எண் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஆபா இணையதளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையோ ஆதாரையோ கொடுத்தும் தேடிப் பார்க்கலாம்.

யாருக்கு இந்த எண் பயன்படும் என்று கேட்டால் என் கருத்து இது: சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று ஆண்டுக்கணக்கில் சிகிச்சையில் இருப்பவர்கள், ஊர் மாறி மாறி மருத்துவம் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு காய்ச்சலுக்குப் போகும் இளைஞர் அவசரப்பட வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனைகளில் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கும் முறையைப் பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். அதில் போவது பெயர், வயது, பாலினம், முகவரி, கைப்பேசி, ஆபா எண் ஆகிய அடிப்படை விவரங்கள். உங்கள் பழைய மருத்துவ அறிக்கைகள் அந்த ஸ்கேனில் போவதில்லை. வரிசையில் நிற்க முடியாத முதியவர்களுக்கு அது உதவிதான்.

யாருடைய கைப்பேசி எண்?

நம் வீடுகளில் இதுதான் மிகப் பெரிய ஓட்டை. சட்டம் எழுதியவர்கள் ஒருவருக்கு ஒரு கைப்பேசி என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டில் அம்மா, மனைவி, மகள் எல்லோருக்கும் அப்பாவின் எண்ணையோ அண்ணனின் எண்ணையோ கொடுப்போம். ஒரே எண்ணில் பல ஆபா கணக்குகள் இருக்க முடியும். அந்தக் கைப்பேசியைத் திறப்பவர் எல்லோருடைய பதிவையும் பார்க்க முடியும்.

கருத்தடைக்காக வந்த பெண்ணின் பரிசோதனை முடிவு மாமனாரின் கைப்பேசிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் யாரும் வேண்டுமென்று அனுப்பவில்லை. பதிவில் இருந்த எண் அவருடையது. மென்பொருள் அதற்கு அனுப்பியது. அந்தப் பெண் அதன் பிறகு எங்கள் மருத்துவமனைக்கு வரவில்லை.

மகளுக்கு 18 வயது ஆனதும் அவளுடைய சொந்த எண்ணை எல்லா மருத்துவமனைப் பதிவுகளிலும் மாற்றிக் கொடுங்கள். மனைவிக்கு என்று ஓர் எண் இருந்தால் அதைக் கொடுங்கள். "அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று படிவத்தில் தனி இடம் இருக்கும், கணவர், மகன் எண்ணை எழுத வேண்டிய இடம் அதுதான். பழைய பதிவில் தவறான எண் இருந்தால், அடுத்த முறை போகும்போது முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் தனியாகவும், மருந்தகத்தில் தனியாகவும் எண் பதிவாகியிருக்கும். மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும்.

பதிவுகள் எங்கே இருக்கின்றன?

எல்லாம் டெல்லியில் ஒரே கணினியில் போய்க் குவிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆபா அமைப்பில் அப்படி இல்லை. மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. மதுரை மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். கோவை மருத்துவர் கேட்டு, நீங்கள் ஒப்புதல் தந்தால், மதுரையிலிருந்து கோவைக்கு மறையீட்டுடன், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி, போகும். நடுவில் இருக்கும் அமைப்பு உங்கள் ஒப்புதலைப் பதிந்து, வழியைக் காட்டும்.

ஆகவே கவலைப்பட வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கினார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனை பல நாட்கள் காகிதத்துக்குத் திரும்பியது. அங்கேயே அந்த நிலை என்றால், ஐம்பது படுக்கை மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். வார்டு செவிலியர் மேசையில் ஒரு கணினி. திரையின் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் கடவுச்சொல். ஷிப்டுக்கு வரும் அத்தனை பேரும் ஒரே பெயரில் உள்ளே போவார்கள். யார் எந்த நோயாளியின் பதிவைத் திறந்தார் என்று பிறகு கேட்டால் பதில் இருக்காது. எக்ஸ்ரே படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவார்கள். பெயர், வயது, எண் எல்லாம் படத்தின் மூலையிலேயே இருக்கும்.

இதை நோயாளியாக நீங்கள் முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் மூன்று விஷயம் கேட்கலாம். அறிக்கையை எந்த எண்ணுக்கு, எந்த வழியில் அனுப்புகிறீர்கள்? வாட்ஸாப்பில் வேண்டாம், கையில் தாருங்கள் என்றால் தர வேண்டும். என் படத்தைப் பிற மருத்துவர்களிடம் கருத்துக் கேட்க அனுப்பினால் பெயரை மறைத்து அனுப்புவீர்களா? என் பதிவை யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியல் உங்கள் மென்பொருளில் இருக்கிறதா? மத்திய சுகாதார அமைச்சகம் 2016 இல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள் அப்படி ஒரு தணிக்கைப் பதிவு வேண்டும் என்கின்றன. பதிவில் உள்ள தரவு நோயாளிக்குச் சொந்தம், மருத்துவமனை அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறது என்பதும் அதே ஆவணத்தின் நிலைப்பாடு. தணிக்கைப் பதிவைப் பற்றி ஒரு நோயாளி எழுத்தில் கேட்டாலே நிர்வாகம் நிமிர்ந்து உட்காரும்; எங்கள் பிரிவில் அப்படித்தான் நடந்தது.

ஒப்புதல் திரையை எப்படிச் சுருக்குவது

ஆபா செயலியில் ஒரு மருத்துவரோ மருத்துவமனையோ உங்கள் பழைய பதிவுகளைக் கேட்டால் கோரிக்கை ஒன்று வரும். பெரும்பாலோர் பார்க்காமலே அனுமதி தந்துவிடுகிறார்கள். அந்தத் திரையில்தான் உங்கள் உரிமை முழுவதும் இருக்கிறது.

என் நாத்தனாருக்கு முழங்கால் வலி. கோவையில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனோம். கோரிக்கை வந்தது. கேட்பவர் யார் என்பது முதல் வரி. அது சரியாக இருந்தது. நோக்கம் என்ற இடத்தில் சிகிச்சை மேலாண்மை என்று இருந்தது, அதுவும் சரி. அடுத்து காலம்: பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. அதற்குக் கீழே பதிவு வகைகள்: பிரிஸ்கிரிப்ஷன், பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. ஆலோசனை, தடுப்பூசி, பொது ஆவணங்கள் என்று அத்தனையும் டிக் செய்யப்பட்டிருந்தன. கடைசியில் ஒப்புதல் முடியும் தேதி, ஓராண்டு கழித்து.

நாத்தனாருக்குக் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. கணவர் இறந்த பிறகு தூக்கம் வராமல் மனநல மருத்துவரிடமும் கொஞ்ச காலம் மருந்து சாப்பிட்டார். முழங்காலுக்கு இவை எதற்கு? காலத்தைக் கடைசி ஆறு மாதமாகக் குறைத்தோம். வகையில் பரிசோதனை அறிக்கையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினோம். முடிவுத் தேதியை மறுநாளுக்கு மாற்றினோம். இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை வாயால் சொன்னோம். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. முழங்கால் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் அவருக்குப் போதுமாக இருந்தன.

ஒன்று சொல்லியாக வேண்டும்: மயக்க மருந்து கொடுக்கப்போகும் அறுவைச் சிகிச்சை என்றால் மனநல மருந்தைப் பற்றிய விவரமும் தேவை. அங்கே மறைப்பது உயிருக்கே ஆபத்து. எதைக் குறைப்பது என்று தெரியாவிட்டால், "இதில் உங்களுக்கு எது வேண்டும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டே குறைக்கலாம்.

நோக்கம் என்ற வரியைக் கூர்ந்து பாருங்கள். சிகிச்சை, பணம் செலுத்துதல், பொதுச் சுகாதாரம், ஆராய்ச்சி என்று அது மாறும். சிகிச்சைக்குப் போன இடத்தில் ஆராய்ச்சி என்று வந்தால், என்ன ஆராய்ச்சி, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டு, விளக்கம் திருப்தி இல்லை என்றால் மறுத்துவிடுங்கள். மறுத்ததால் சிகிச்சை நிற்காது. செயலியில் சேமிப்பு வசதி தரும் தனியார் நிறுவனங்கள் 'தானியங்கி ஒப்புதல்' கேட்கும். அதற்கு ஒருமுறை சரி என்றால், புதிய பதிவுகள் ஒவ்வொரு முறையும் கேட்காமலே அங்கே போய்ச் சேரும். நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தந்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் போகாது. ஆனால் அதற்குள் மருத்துவர் படித்துத் தன் குறிப்பில் எழுதியது அழியாது. அதனால்தான் முதலிலேயே குறைத்துத் தர வேண்டும் என்கிறேன்.

காப்பீட்டுப் படிவம்

கேஷ்லெஸ் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடச் சொல்லும் 'முன்அனுமதி'ப் படிவத்தில், உங்கள் மருத்துவ ஆவணங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதன் முகவருக்கும் தரச் சம்மதம் என்று ஒரு பத்தி இருக்கும். அதைத் தவிர்க்க முடியாது. ஆவணம் பார்க்காமல் யாரும் பணம் தர மாட்டார்கள். ஆனால் இந்தச் சேர்க்கை தொடர்பான ஆவணங்கள் மட்டும் போக வேண்டும் என்று கேட்கலாம். மருத்துவமனை என்ன அனுப்பியது என்பதன் நகலை வாங்கிவையுங்கள். 2024 இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகளோடு சேர்ந்து டெலிகிராமில் வெளியே வந்தன. அங்கே என்ன கிடந்தது என்று தெரிந்தால்தான் என்ன போனது என்று சொல்ல முடியும்.

எந்தச் சட்டம் இப்போது உங்கள் பக்கம்?

இந்த இடத்தில் எனக்கு வருத்தம் உண்டு. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவத் தரவுக்கென்றே தனிச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. திஷா என்று அழைத்தார்கள். நோயாளியின் தரவை வணிக நோக்கில் பயன்படுத்துவதை அது வெளிப்படையாகத் தடுத்தது. அது சட்டமாகவில்லை. பொதுவான தரவுச் சட்டமே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பொதுச் சட்டம்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பிரிவுகள், விதிகள் வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள்.

அதுவரை துணை நிற்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், அதன் கீழ் 2011 இல் வந்த விதிகளும். அந்த விதிகள் உடல்நிலை, மனநிலை, மருத்துவ வரலாறு ஆகியவற்றைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய நுண்ணிய தரவு என்று தனியாகப் பிரிக்கின்றன. அவற்றை வாங்க எழுத்தில் ஒப்புதல் வேண்டும். வேறொருவருக்குத் தர உங்கள் முன் அனுமதி வேண்டும். குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பாதுகாப்பில் அலட்சியம் காட்டி உங்களுக்கு இழப்பு ஏற்படுத்தினால் இழப்பீடும் கேட்கலாம். நிறுவனங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அரசு மருத்துவமனை இதற்குள் வராது.

புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் அன்று 43ஏ நீக்கப்படும். புதிய சட்டத்தில் மருத்துவத் தரவு என்று தனி வகையே இல்லை. உங்கள் எச்.ஐ.வி. முடிவும், நீங்கள் துணிக்கடையில் கொடுத்த கைப்பேசி எண்ணும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரம். பாதுகாப்பில் தவறினால் ₹250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசுக்குப் போகும்; ரகசியம் வெளியே போன நோயாளிக்கு ஒரு ரூபாயும் இல்லை. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனாலும் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதில் பயன்படுத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ கேட்கலாம்; தமிழ் அதில் இருக்கிறது. தேவைக்கு மேல் கேட்டு வாங்கிய ஒப்புதல் செல்லாது. சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கும், கைப்பேசியின் தொடர்பு எண்களைப் பார்ப்பதற்கும் சேர்த்து அனுமதி வாங்குகிறது, பயனர் இரண்டுக்கும் சரி என்றாலும், மருத்துவம் பார்க்கத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்த அனுமதி சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். மருந்துக்கடை எடுத்துக்காட்டும் இருக்கிறது: ரசீது அனுப்ப எண் கொடுத்தால், அது ரசீது அனுப்ப மட்டுமே. நம் ஊர் மருந்துக்கடையில் பில் போடும்போது எண் கேட்டு, பிறகு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை தள்ளுபடி என்று செய்தி அனுப்புகிறார்களே, அங்கே இதைச் சொல்லலாம். எண் கொடுக்காமலே பில் வாங்குவது அதைவிட எளிது.

உயிருக்கு ஆபத்தான அவசரத்திலும், தொற்றுநோய்க் காலத்திலும் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. விபத்தில் நினைவிழந்து கிடப்பவரிடம் ஒப்புதல் கேட்க முடியாது என்பதால் முதலாவது நியாயமே. அரசு நலத்திட்டங்களுக்கும் தனி விலக்கு இருக்கிறது. அதன் எல்லை விரிவானது.

மருத்துவரை நேரடியாகக் கட்டுப்படுத்துவது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகள். தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகியவை மட்டுமே விலக்கு.

சில நோய்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அது இன்னும் வலுவானது. எச்.ஐ.வி. நிலையை ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை 2017 ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிட்டால் சிறைத் தண்டனை வரை போகும். இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால், சேர்க்கைப் படிவத்திலேயே "இந்தப் பதிவை ஆபாவோடு இணைக்க வேண்டாம்" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள்.

நகல் வாங்குவதும் திருத்துவதும்

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் பணம் கட்டும் அவசரத்தில் மடித்து உறைக்குள் வைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். பெயர், வயது, ஒவ்வாமை, ஏற்கெனவே உள்ள நோய்கள், பழக்கங்கள். 'மது அருந்துபவர்' என்று தவறாக ஒரு வரி ஏறிவிட்டால், பிறகு காப்பீடு மறுக்கப்பட அதுவே போதும். முந்தைய நோயாளியின் சம்மரியைத் திறந்து அதன் மேல் எழுதுவதால் வரும் பிழை இது. மிகவும் சாதாரணமாக நடக்கிறது. அன்றே பணி மருத்துவரிடம் சொல்லித் திருத்தி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் எழுத்தில் கேட்க வேண்டும். பழையதை அழிக்க மாட்டார்கள், அழிக்கவும் கூடாது. திருத்தக் குறிப்பைத் தேதியோடு சேர்ப்பார்கள். அதே பிழை ஆபாவில் இணைந்த பிரதியிலும் இருக்கும். அதையும் மாற்றி இணைக்கச் சொல்லுங்கள்.

நகல் கேட்க ஒரு சிறு கடிதம் போதும். நான் பலருக்கு எழுதித் தந்த வடிவம் இது:

"மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் மருத்துவமனையில் ……… முதல் ……… வரை உள்நோயாளியாக இருந்தேன். என் நோயாளி எண் ………. என் கேஸ் ஷீட், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, செவிலியர் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலைத் தர வேண்டுகிறேன். 2002 ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகளின் 1.3.2 பிரிவின்படி 72 மணி நேரத்துக்குள் இவை தரப்பட வேண்டும். என் பதிவுகள் இதுவரை எந்த நிறுவனங்களுக்கு, எந்தத் தேதியில், என்ன நோக்கத்துக்காக அனுப்பப்பட்டன என்ற விவரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதம் பயன்படாது.

புகார் எங்கே?

முதலில் மருத்துவமனையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில். ரகசியத்தை வெளியிட்டவர் மருத்துவர் என்றால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 1995 இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆபா தொடர்பான குறைகளுக்கு 1800-11-4477 என்ற இலவச எண். புதிய சட்டம் முழுமையாக வந்த பிறகு, தரவு கசிந்தால் உங்களுக்குத் தாமதமின்றித் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை; தெரிவிக்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம். பொய்ப் புகார் தந்தால் உங்களுக்கே ₹10,000 வரை அபராதம் வரலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே குறுஞ்செய்தி, வாட்ஸாப் செய்தி, முத்திரையிட்ட கடிதம் எதையும் அழிக்காதீர்கள்.

ஆபா கணக்கே வேண்டாம் என்று முடிவு செய்தால், இணையதளத்தில் உள்நுழைந்து தற்காலிகமாக முடக்கவோ நிரந்தரமாக நீக்கவோ முடியும். நீக்கும் முன் அதில் உள்ள அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு போனாலும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கும் உங்கள் கேஸ் ஷீட் அங்கேயே இருக்கும். குறைந்தது மூன்று ஆண்டுகள் அதை வைத்திருக்க வேண்டியது அவர்களின் கடமை. சிகிச்சை முடிந்து அந்தக் காலமும் கடந்த பதிவை நீக்கச் சொல்வதானால், மேலே உள்ள கடிதத்தின் கடைசி வரியை மாற்றி, மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.